கன்ட்ரோலில் நீலம் வந்தது. சிவப்பை யாரும் பார்க்கவில்லை

பெர்ல்ஸ் ஸ்டெயின் என்றாலே நீலம்தான் பேச்சு. எலும்பு மஜ்ஜையில் இரும்பு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு அனுப்புகிறார்கள். நீலம் தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை. பின்னணியில் உட்கருக்களுக்குச் சிவப்பு ஏற்றும் நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட்டை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஐந்து நிமிடம் ஊற வை, குழாயில் அலசு, அடுத்த வேலையைப் பார். இந்த நிகழ்வில் நீலம் குறையில்லாமல் வந்தது. வெளுத்துப் போனது சிவப்புதான். அதனால் ஒருவருடைய நோய்க்குப் பெயர் வைப்பதே தடம் மாறப் பார்த்தது.

நடந்தது பெங்களூரில், 2024 கோடையில். ஆய்வகத்தின் பெயர் இங்கே வேண்டாம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

அறுபதைத் தாண்டியவர். ஸ்ரீராமபுரத்தில் குடும்பம், கே.ஆர். மார்க்கெட்டில் பூ வியாபாரம். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் ரோஜாவையும் சாமந்தியையும் விடியுமுன் இறக்கிப் பழகிய உடம்பு. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 7.4. அக்கம்பக்கத்து டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார், ஏறவில்லை. பி12 ஊசி போட்டார், அதற்கும் ஏறவில்லை. ரத்தம் ஏற்றியபின் சில வாரம் தெம்பாக இருந்துவிட்டு மறுபடி படுத்தார். அப்போதுதான் ரத்தநோய் நிபுணரிடம் வந்தார்.

சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 104, இயல்பைவிடப் பெரிது. வெள்ளணுக்களில் குறையில்லை. தட்டணுக்கள் குறைவதற்குப் பதில் கொஞ்சம் தாராளம். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உயர்ந்திருந்தது. ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்த ஸ்மியரில் சிவப்பணுக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன: பெரிதாக நிறம் பிடித்தவை ஒரு பக்கம், சிறிதாக வெளிறியவை மறுபக்கம். ரத்தம் ஏற்றியவருக்கு இப்படித் தெரிவது சகஜம் என்று தள்ளிவிடலாம். ஆனால் ஏற்றுவதற்கு முன் எடுத்த ஸ்மியரிலும் இதே காட்சி இருந்தது. அதைத் தேடி எடுத்துப் பார்த்த நிபுணரைப் பாராட்டத்தான் வேண்டும். பல இடங்களில் பழைய ஸ்மியரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரும்பு உடம்பில் இருந்தும் சிவப்பணுவுக்குப் போய்ச் சேராத சிடரோபிளாஸ்டிக் வகை ரத்தசோகையை அவர் சந்தேகித்தார். மஜ்ஜையில் ஊசியால் உறிஞ்சிய ஆஸ்பிரேட்டும், எலும்போடு எடுத்த டிரெஃபைன் பயாப்ஸியும் ஆய்வகத்துக்குப் போயின. வந்த ரிப்போர்ட் இப்படிச் சொன்னது: ஆஸ்பிரேட்டில் இரும்பு இருப்பு அதிகம், ரிங் சிடரோபிளாஸ்ட்கள் காணப்படவில்லை, டிரெஃபைனில் இரும்பு இல்லை.

ஒரே ஆளின் ஒரே மஜ்ஜை. ஒரு மாதிரியில் இரும்பு அதிகம், மற்றதில் அறவே இல்லை. நிபுணருக்கு இது பொருந்தவில்லை. ஸ்லைடுகளை இரண்டாம் கருத்துக்காக எனக்கு அனுப்பினார்.

நீலத்தை எண்ணச் சிவப்பு ஏன் வேண்டும்

ரிங் சிடரோபிளாஸ்ட் என்பது சிவப்பணு ஆகப்போகும் இளஞ்செல். அதன் மைட்டோகாண்ட்ரியாக்களில் இரும்பு தேங்கியிருக்கும். மைட்டோகாண்ட்ரியாக்கள் உட்கருவை ஒட்டிச் சூழ்ந்திருப்பதால், பெர்ல்ஸ் ஸ்டெயினில் நீலப்புள்ளிகள் உட்கருவைச் சுற்றி வளையம் கட்டும். மருந்துக்கு மசியாத ரத்தசோகையோடு இந்த வளையங்களைச் சேர்த்து 1956-இல் ஸ்வீடனின் பியோர்க்மன் நான்கு நோயாளிகளில் விவரித்தார். 2011-இல் இந்த வகை நோயாளிகளில் பெரும்பாலோரிடம் எஸ்எஃப்3பி1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தபின், வளையங்களை எண்ணும் வேலைக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த மாற்றம் இருந்தால் இளஞ்செல்களில் 5 சதவீதம் வளையம் காட்டினாலே கணக்கு. மரபணுப் பரிசோதனை செய்ய வசதி இல்லை என்றால் 15 சதவீதம் வேண்டும்.

வளையம் என்று எதைச் சொல்லலாம் என்பதற்குச் சர்வதேசக் குழு ஒன்று 2008-இல் வரையறை வகுத்தது: குறைந்தது ஐந்து இரும்புத் துகள்கள் இருக்க வேண்டும், அவை உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது சூழ்ந்திருக்க வேண்டும். இந்த வரையறையை நிதானமாகப் படித்தால் விஷயம் புரியும். ஐந்து துகள் என்பதை நீலம் காட்டும். உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு என்பதை நீலத்தால் காட்ட முடியாது. உட்கருவின் விளிம்பு தெரிந்தால்தான் சுற்றளவு என்ற பேச்சே வரும். நோயறிதலில் பாதி சிவப்புச் சாயத்தின் கையில் இருக்கிறது.

ஏன் சிவப்பு, வழக்கமான ஹெமடாக்சிலின் கூடாதா என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. ஹெமடாக்சிலின் உட்கருவை நீலமாக்கும். நீலத்தின் மேல் நீலப்புள்ளியைத் தேட வேண்டியிருக்கும். இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். ஹெமடாக்சிலினை நீலமாக்கக் காரத்தன்மையுள்ள தண்ணீரில் பிடிக்கிறோம். பெர்ல்ஸ் தரும் பிரஷ்யன் நீலம் அமிலத்தில் நிலைத்து நிற்கும், காரத்தில் கரைந்து மறையும். நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் அலுமினியம் சல்ஃபேட் கரைசலில் தயாராகிறது, அதுவே அமிலத்தன்மை உடையது. ஆக நீலத்துக்குக் கேடில்லை, உட்கரு சிவக்கிறது, நிறங்கள் ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஆல்சியன் ப்ளூ, ஃபான் கோசா போன்ற மற்ற ஸ்டெயின்களிலும் இதே சிவப்பைப் பின்னணிக்கு அழைக்கக் காரணம் இந்த நிற வேறுபாடுதான்.

சாயம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட், சாயப் பட்டியலில் சி.ஐ. 60760, ஆந்த்ராகுவினோன் குடும்பத்தைச் சேர்ந்தது. கெர்னெக்ட்ரோட் என்ற ஜெர்மன் பெயரிலும் பாட்டில்கள் வரும். தனியாக விட்டால் எதிர்மின்சுமை கொண்ட சாயம். உட்கருவின் டிஎன்ஏவும் எதிர்மின்சுமை கொண்டதுதான். இரண்டையும் பிணைக்க அலுமினியம் நடுவில் நிற்க வேண்டும். அலுமினியத்தோடு சேர்ந்த சாயம்தான் டிஎன்ஏவின் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது.

ஸ்லைடில் கண்டது

ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் ஆஸ்பிரேட் ஸ்மியரைப் பார்த்தேன். நீலத்துக்குப் பஞ்சமில்லை. இரும்பைச் சேமிக்கும் மாக்ரோஃபேஜ் செல்களில் திட்டுத்திட்டாக இரும்பு. அவற்றுக்கு வெளியே, சிறு செல்கள் இருக்க வேண்டிய இடங்களில், பொடிப்பொடியான நீலப்புள்ளிகள். பல இடங்களில் அவை வளைந்து நின்றன. எதைச் சுற்றி வளைந்தன என்றுதான் சொல்ல முடியவில்லை. உட்கரு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான இளஞ்சிவப்பு. விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. கண்டென்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்தால் உருவம் கொஞ்சம் தெரிந்தது. அப்படிப் பார்த்து சதவீதம் எழுதினால் அது ஊகம்தான். பின்னணி சுத்தமாக இருந்தது. சைட்டோபிளாசத்தில் சிவப்பு இல்லை.

முதல் ரிப்போர்ட் எழுதியவர் பொய் எழுதவில்லை. வளையம் காணப்படவில்லை என்பது உண்மை. காணும் நிலையில் ஸ்லைடு இல்லை என்பதும் உண்மை. இரண்டாவதை எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதினால் படிக்கிறவர் வளையமே இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

டிரெஃபைனில் காட்சி வேறு. நீலம் துளியும் இல்லை. உட்கருக்கள் இங்கேயும் வெளுப்பு, ஆனால் சைட்டோபிளாசமும் இழையங்களும் சேர்ந்து ஒரே கலங்கலான இளஞ்சிவப்பு. உட்கரு எது மற்றது எது என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒரே நிறம்.

இரண்டும் வெளுப்புதான். ஆனால் ஒரே காரணத்தால் வந்த வெளுப்பு அல்ல என்று அப்போதே தோன்றியது. உட்கரு வெளுத்து, பின்னணி சுத்தமாக இருந்தால் சாயம் போதவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். உட்கரு வெளுத்து, பின்னணி சிவந்திருந்தால் சாயம் இருக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை: அலுமினியம் குறைந்திருக்கலாம், அல்லது பிடித்துக்கொள்ள உட்கருவில் டிஎன்ஏ ஒழுங்காக இல்லாமல் இருக்கலாம்.

ஸ்டெயினிங் அறையில்

ஆய்வகத்தார் வரச் சொன்னார்கள், போனேன். ஸ்டெயினிங் அறையை நடத்துபவர் குடியாத்தத்துக்காரர், இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரோடு கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஓர் இளம்பெண். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஓடும் அறை.

முதலில், ஸ்டெயின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓட்டும் கன்ட்ரோல் ஸ்லைடுகளைக் கேட்டேன். இரும்பு நிறைந்த மண்ணீரல் திசு. ஒவ்வொரு பெர்ல்ஸ் தொகுப்போடும் ஒன்று ஓட்டுகிறார்கள். பதிவேட்டில் நாள் தவறாமல் டிக். எடுத்துப் பார்த்தால் நீலம் அருமை. உட்கருக்களோ நோயாளியின் ஸ்லைடில் இருந்த அதே வெளிறல். பழைய கன்ட்ரோல்களை வரிசையாக மேசையில் அடுக்கினோம். சில வாரங்களுக்கு முன்பு வரை ஆழ்ந்த சிவப்பு, அதன்பின் படிப்படியாக இல்லாமல் ஒரே தாவலில் மங்கல். பதிவேட்டில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இரும்பு பாசிட்டிவா? ஆமாம், பாசிட்டிவ். கேட்டதற்குச் சரியான பதில்.

"தண்ணி மேலதான் மேடம் எனக்குச் சந்தேகம்" என்றார் மூத்தவர். அந்தக் கோடையில் பெங்களூரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். போர்வெல்கள் வறண்டு, டேங்கருக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. எந்த டேங்கர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. அவர் சந்தேகத்துக்கு ஆதாரமும் இருந்தது: சில ஸ்லைடுகளில் திசுவே இல்லாத வெறும் கண்ணாடியில் நீலப்பொட்டுகள்.

தண்ணீரைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். திசு ஒட்டாத வெறும் ஸ்லைடுகளை எடுத்து முழுச் செய்முறையிலும் ஓட்டினோம். சிலவற்றை, பெர்ல்ஸில் நீலம் தரும் கரைசலான அமில ஃபெர்ரோசயனைடுக்கு முன்னால் குழாய்த் தண்ணீரில் அலசினோம், சிலவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் அலசினோம். குழாய்த் தண்ணீர் பட்டவற்றில் நீலப்பொட்டுகள் வந்தன, மற்றவை சுத்தம். டேங்கர் தண்ணீரிலோ பழைய குழாயின் துருவிலோ இரும்பு இருந்தது தெளிவாயிற்று. அந்தப் பொட்டுகள் செல் இருக்கும் தளத்தில் ஃபோகஸ் ஆவதில்லை, சற்று மேலே நிற்கும். பழகிய கண் ஏமாறாது. இருந்தாலும் இரும்பைத் தேடும் வேலையில் இரும்புள்ள தண்ணீரை முன்னால் விடுவது வேண்டாத வம்பு. பெர்ல்ஸ் முடியும்வரை காய்ச்சி வடித்த நீர் மட்டும் என்று அன்றே சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

ஆனால் தண்ணீர் சிவப்பை விளக்கவில்லை. வடிநீரில் மட்டும் ஓடிய நோயாளி ஸ்மியரும் மங்கல்தான். ஸ்மியர் பழசாகிவிட்டதா, மெத்தனாலில் சரியாக நிலைநிறுத்தவில்லையா என்றும் யோசித்தோம். அதே மஜ்ஜையை ஜீம்சா என்ற வேறு சாயத்தில் ஓட்டிய ஸ்மியரில் குரோமேட்டின், அதாவது உட்கருவின் டிஎன்ஏ பொருள், பளிச்சென்று இருந்தது. செல்களில் குறையில்லை.

மிச்சம் இருந்தது பாட்டில்.

பாட்டிலில் என்ன இருந்தது

வாய்ப்பாடு எல்லா ஆய்வகங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. 100 மில்லி வடிநீரில் 5 கிராம் அலுமினியம் சல்ஃபேட், அதில் 0.1 கிராம் சாயத்தூள். சூடாக்கிக் கொதிக்க விட்டுக் கரைத்து, ஆற விட்டு, வடிகட்டி, பூஞ்சை வராமல் இருக்க ஒரு தைமால் பரல் போட்டு வைக்க வேண்டும். இதில் எளிதாகத் தெரிகிற படிதான் ஆளைக் கவிழ்க்கிறது: கொதிக்க விடுவது. இந்தச் சாயம் குளிர்ந்த நீரில் சோம்பேறித்தனமாகத்தான் கரையும்.

பாட்டிலின் மேல் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. கன்ட்ரோல் மங்கத் தொடங்கிய வாரமும் அந்தத் தேதியும் ஒத்துப்போயின. யார் தயாரித்தது, எப்படி என்று விசாரித்தபோது இளம்பெண்தான் தயங்காமல் சொன்னார்.

"ஹாட் பிளேட் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு மேடம். மைக்ரோவேவ்ல கொஞ்ச நேரம் சுட வெச்சேன். கலர் நல்லா வந்திடுச்சேன்னு ஆற வெச்சு வடிகட்டிட்டேன். ஃபில்டர் பேப்பர்ல நிறைய நின்னுச்சு."

மூத்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி சரியா காயாம ஃபில்டர்ல ஊத்துனா டிகாக்‌ஷன் எப்படி இறங்கும்? தூள் எல்லாம் மேலயே நிக்கும். அதேதான்மா."

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. கரையாத சாயம் வடிதாளில் தங்கிவிட்டது, குப்பைக்குப் போய்விட்டது. மீந்த திரவம் சிவப்பாகத்தான் இருந்தது. இங்கேதான் கண் ஏமாறுகிறது: ஸ்லைடுகளை ஊற வைக்கும் காப்ளின் ஜாரில் ஊற்றிப் பார்த்தால் பாதிச் சாயமும் முழுச் சாயமும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும், அந்த ஆழத்துக்கு வேறுபாடு தெரியாது. புதிதாக, விதிப்படி கொதிக்க வைத்த கரைசல் ஒன்றைத் தயாரித்தோம். இரண்டிலும் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இதற்கு மேல் இன்னொரு வழக்கமும் சேர்ந்திருந்தது. இந்தச் சாயத்தில் நாளடைவில் வீழ்படிவு இறங்கும்; வடிகட்டாமல் ஊற்றினால் ஸ்லைடு முழுக்கச் சிவப்புத் துகள்கள் உட்காரும். ஆகவே வடிகட்டுவது சரி. ஆனால் இங்கே தினமும் காலையில் பாட்டில் முழுவதையும் வடிகட்டி, அதே பாட்டிலில் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கிய சாயமெல்லாம் ஒவ்வொரு முறையும் தாளோடு போய்விடும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுத்து, மாலையில் கொட்டிவிடுவதுதான் நல்லது. சிக்கனம் என்று நினைத்துச் செய்ததில் சாயம்தான் வீணானது.

அலுமினியம் சல்ஃபேட்டையும் விடவில்லை. அது ஈரத்தை இழுத்துக் கட்டியாகும் பொருள். மூடி சரியாக இல்லாத ஜாடியில் எடை போட்டால் உப்போடு தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். இங்கே ஜாடி இறுக்கமாகவே இருந்தது. பின்னணி சுத்தமாக இருந்ததும் அதற்கு ஒத்துப்போனது.

அந்தப் பெண்ணை யாரும் திட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். செய்முறைத் தாளில் "சூடாக்கிக் கரைக்கவும்" என்றுதான் எழுதியிருந்தது. மைக்ரோவேவும் சூடுதான். எழுதியதை அவர் மீறவே இல்லை.

அதே ஸ்லைடு, புதுச் சிவப்பு

நோயாளியிடமிருந்து மறுபடி மஜ்ஜை எடுக்க வேண்டுமா என்று நிபுணர் கேட்டார். இடுப்பெலும்பில் இன்னொரு முறை ஊசி இறக்குவது சின்ன விஷயமில்லை. தேவைப்படாது என்று சொன்னேன். பிரஷ்யன் நீலம் அமிலத்தில் நிலையானது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது இங்கே கைகொடுத்தது. ஏற்கெனவே ஸ்டெயின் ஆன ஸ்மியரில் நீலத்தைத் தொடாமல் சிவப்பை மட்டும் மறுபடி ஏற்றலாம்.

ஸ்லைடை மூடிய கவர்ஸ்லிப், டிபிஎக்ஸ் என்ற பிசினில் இறுகியிருந்தது. சைலீனில் ஊறப் போட்டு, தானாக நழுவும்வரை பொறுத்திருந்தோம். அவசரப்பட்டு நெம்பினால் மஜ்ஜைத் துணுக்குகள் கூடவே உரிந்து வந்துவிடும். பிறகு ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவந்து, புதுக் கரைசலில் ஐந்து நிமிடம், அலசல், மறுபடி ஆல்கஹால், சைலீன், புதுக் கவர்ஸ்லிப். நோயாளியின் ஸ்லைடைத் தொடுமுன் மண்ணீரல் கன்ட்ரோல் ஒன்றிலும், உட்கருவுக்காக அப்பெண்டிக்ஸ் செக்‌ஷன் ஒன்றிலும் ஓட்டிப் பார்த்துக்கொண்டோம். அப்பெண்டிக்ஸை எடுத்ததற்குக் காரணம் அதிலுள்ள லிம்ஃபாய்டு முடிச்சுகள்: அடர்ந்த உட்கருவும் திறந்த உட்கருவும் ஒரே பார்வையில் கிடைக்கும். புதுக் கரைசலில் முடிச்சின் நடுப்பகுதியிலிருந்த திறந்த உட்கருக்களிலும் குரோமேட்டின் விளிம்பு துலக்கமாக இருந்தது. பழைய பாட்டிலில் ஓட்டியதில் அங்கே வெறும் மூட்டம்.

ஸ்மியர் திரும்பி வந்தபோது மறுபடி ஆயில் லென்ஸில் வைத்தேன். இளஞ்செல்களின் உட்கரு வட்டவட்டமாகச் சிவந்து நின்றது. அதை ஒட்டி நீலப்புள்ளிகள். சிலவற்றில் வளையம் முழுதாக மூடியிருந்தது. மூன்றில் ஒரு பங்கா, நான்கில் ஒரு பங்கா என்று யோசிக்க வைத்த செல்களும் இருந்தன; அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நூறு இளஞ்செல்களை எண்ணியதில் வளையம் 31. ஆய்வகத்தின் டாக்டர் தனியாக எண்ணினார். எங்கள் எண்கள் சிறிது மாறினாலும் 15-க்கு வெகு மேலேதான் நின்றன.

வளையம் தெரிந்தவுடன் நோய்ப்பெயரை எழுதிவிட முடியாது. ஐசோநியாசிட் என்ற காசநோய் மருந்து, மது, ஈயம், தாமிரக் குறைவு ஆகியவையும் வளையம் காட்டும், அவை சரிசெய்யக் கூடியவை. நம் ஊர்களில் காசநோய் மருந்தைப் பற்றிக் கேட்காமல் ரிங் சிடரோபிளாஸ்ட் ரிப்போர்ட்டை முடிப்பது முறையாகாது. இவர் காசநோய் மருந்து சாப்பிட்டதில்லை, குடிப்பழக்கம் இல்லை, தாமிர அளவு சரி. எஸ்எஃப்3பி1 பரிசோதனை பாசிட்டிவாக வந்தது. முதிராத பிளாஸ்ட் செல்கள் கூடவில்லை. 2022 உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டின்படி, பிளாஸ்ட் குறைந்த, எஸ்எஃப்3பி1 மாற்றமுள்ள மைலோடிஸ்பிளாஸ்டிக் நோய், அதாவது மஜ்ஜையில் ரத்தச் செல்கள் ஒழுங்காக உருவாகாத நோய். இந்த வகைக்குள் இது ஒப்பீட்டளவில் நிதானமாகப் போகும் பிரிவு. இரும்பு மாத்திரையை நிபுணர் உடனே நிறுத்தினார். ஏற்கெனவே இரும்பு தேங்கிய உடம்புக்கு அது வேண்டாத சுமை. சிகிச்சை விவரம் இந்தக் கட்டுரையின் வேலையல்ல.

டிரெஃபைன் ஏன் திருந்தவில்லை

புதுக் கரைசலை டிரெஃபைன் செக்‌ஷனிலும் ஓட்டினோம். ஐந்து நிமிடத்தைப் பதினைந்தாக்கியும் பார்த்தோம். பின்னணி இன்னும் சிவந்தது, உட்கரு அப்படியே மங்கலாக இருந்தது. இங்கே குற்றம் சாயத்தில் இல்லை.

எலும்பை மைக்ரோடோமில் சீவுவதற்கு முன் கால்சியத்தை நீக்க வேண்டும். இந்த ஆய்வகம் நைட்ரிக் அமிலம் கலந்த திரவத்தில் போடுகிறது. வேகமான வழி, ரிப்போர்ட் அடுத்த நாளே போகும். இந்த மாதிரி சனிக்கிழமை மாலை போடப்பட்டு, ஞாயிறு முழுக்க அதிலேயே கிடந்தது. அமிலத்தில் அதிகம் கிடந்தால் இரண்டு காரியம் நடக்கும். திசுவிலுள்ள இரும்பு கரைந்து போகும். பெர்ல்ஸ் காட்ட ஒன்றும் மிஞ்சாது. உட்கருவின் டிஎன்ஏவும் சிதையும். அலுமினியத்தோடு வரும் சாயம் பிடித்துக்கொள்ளப் பாஸ்பேட் ஒழுங்காக இராது, சிவப்பு புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலங்கலின் விளக்கம் இதுதான். டிரெஃபைனில் இரும்பு இல்லை என்ற வரிக்கும் இதுவே விளக்கம். இரும்பு இருந்தது, நாங்கள்தான் அதை வடிகாலில் விட்டோம் என்று மூத்த டெக்னீஷியன் சொன்னதில் மிகை இல்லை.

ஒரு வகையில் அந்த வெளிறிய சிவப்பு அன்றைக்கே எச்சரித்திருந்தது. டிரெஃபைனில் உட்கரு சிவக்கவில்லை என்றால் அந்தத் திசு அமிலத்தில் அடிபட்டிருக்கிறது, அதில் இரும்பு இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று பொருள். சாயத்தை அப்படிப் படிக்கக் கற்றுக்கொண்டால் இலவசமாக ஒரு தரச்சோதனை கிடைக்கிறது.

வேறு சிவப்புக்கு மாறலாமே என்று ஆய்வகத்தார் கூடிப் பேசியபோது ஒருவர் கேட்டார். சஃப்ரானின் இருக்கிறது, நியூட்ரல் ரெட் இருக்கிறது, இரண்டும் பல இடங்களில் ஓடுகின்றன. என் கருத்தில் சஃப்ரானின் கொஞ்சம் கை மீறினாலும் அடர்ந்துவிடும், மெல்லிய நீலத்துகள் அதன்கீழ் அமுங்கிவிடும். நியூட்ரல் ரெட் ஆல்கஹாலில் சீக்கிரம் கழன்று வரும். நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட்டின் சிவப்பு ஒளி ஊடுருவும் சிவப்பு. துகள் உட்கருவின் மேலே கிடந்தாலும் தெரியும். ஒழுங்காகத் தயாரித்தால் அதை மாற்றக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தயாரித்து விற்கும் பாட்டிலை வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதிலும் வீழ்படிவு இறங்கும், அதையும் கன்ட்ரோலில் ஓட்டிப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அலுமினியம் இல்லாமல் தயாரித்தால் இதே சாயம் கால்சியத்தைப் பிடித்துச் சிவக்கும்; கால்சியத்தைக் கண்டறிய அப்படிப் பயன்படுத்தியதும் உண்டு. சுண்ணாம்பு படிந்த திசுவில், உட்கரு அல்லாத இடத்தில் சிவப்புக் கட்டிகள் தெரிந்தால் அலுமினியம் சல்ஃபேட்டின் எடையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மாற்றியவை

செய்முறைத் தாளில் "சூடாக்கிக் கரைக்கவும்" போய், "கொதிநிலைக்குக் கொண்டுவரவும், ஆறியபின் வடிதாளில் தங்கியதைப் பார்க்கவும், அடர் சிவப்புப் படிவு இருந்தால் அந்தக் கரைசலைப் பயன்படுத்த வேண்டாம்" என்று வந்தது. புதுக் கரைசல் ஒவ்வொன்றும் அப்பெண்டிக்ஸ் செக்‌ஷனில் தேறிய பிறகே அலமாரிக்குப் போகிறது. பதிவேட்டில் இரும்புக்குப் பக்கத்தில் உட்கருவுக்கு ஒரு கட்டம் சேர்த்தார்கள். அதில் டிக் போட விடவில்லை; விளிம்பு தெரிகிறதா, பின்னணி சிவந்திருக்கிறதா என்று இரண்டு சொல் எழுத வேண்டும். முதலில் முணுமுணுப்பு இருந்தது. டிக் என்றால் கை தானாகப் போட்டுவிடும், எழுத வேண்டுமென்றால் லென்ஸில் குனிய வேண்டியிருக்கும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார்கள்.

கன்ட்ரோலிலும் ஒரு பொருத்தமின்மை இருந்தது. நோயாளியிடமிருந்து வருவது ஸ்மியர்; கன்ட்ரோலோ பாரஃபின் செக்‌ஷன். ஒன்று தேறியதால் மற்றது தேறும் என்று சொல்ல முடியாது. இரும்பு மிகுந்த மஜ்ஜை கிடைக்கும்போது கூடுதலாகச் சில ஸ்மியர்கள் இழுத்து, மெத்தனாலில் நிலைநிறுத்தி, இரும்பு கன்ட்ரோலுக்கென்று ஒரு பெட்டியில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியின் பொறுப்பு கிருஷ்ணகிரிப் பெண்ணிடம்.

டிரெஃபைனில் கால்சியத்தை நீக்க, நைட்ரிக் அமிலத்தை விட்டு, கால்சியத்தைப் பிணைத்து எடுக்கும் இடிடிஏவுக்கு மாறலாமா என்ற பேச்சு இன்னும் முடிவுக்கு வரவில்லை. இடிடிஏ மெதுவானது, ஒன்றிரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும். உட்கருவும் இரும்பும் அதில் அமிலத்தைவிட நன்றாகத் தங்கும். அனுப்பும் டாக்டர்கள் வேகத்தைக் கேட்கிறார்கள், நிர்வாகம் அவர்கள் பக்கம். சனிக்கிழமை மாதிரிகளை மட்டுமாவது இடிடிஏவில் போடுவது என்று இப்போதைக்கு உடன்பாடு. மற்ற நாட்களின் டிரெஃபைன் ரிப்போர்ட்டில் ஒரு வரி நிரந்தரமாக அச்சாகிறது: "அமிலத்தில் கால்சியம் நீக்கிய மாதிரி, இரும்பு இருப்பை ஆஸ்பிரேட் ஸ்மியரைக் கொண்டே கணிக்கவும்."